லைட் அணைஞ்சாச் சரியோ?

செமஸ்டர் லீவுக்கு வவுனியா போயிருந்தேன். சித்தப்பா காரை விற்கப்போகிறார் என்று வீட்டில் ஒரே கதை. கடைக்கு எடுத்த பாங்க் கடன் கழுத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கார் போனால் கடனில் பெரிய பங்கு போகும், மிஞ்சினால் எனக்கு ஒரு லப்டொப் என்று ஒரு வாக்கும் இருந்தது. ஆகவே இந்த விற்பனையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் நான் நியாயம் கதைக்கப்போகிறேன்.

வாங்க வந்தவர் கெட்டிக்காரர். காரைச் சுற்றிப் பார்த்தார், பொனட்டைத் திறந்தார், சில்லுகளுக்கு உதைத்தார், கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார்: “ஸ்கேன் பண்ணின பரிசோதனை ரிப்போட் ஒண்டு வேணும். அதில எல்லாம் சரியெண்டாத்தான் காசு.” சித்தப்பாவும் யோசிக்காமல் ஓம் சொல்லிவிட்டார். அவருக்குத் தெரிந்தவரை காரில் ஒரு பழுதும் இல்லை.

பரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் அந்த லைட் எரிந்தது. டாஷ்போட்டில் ஒரு சின்னச் சிவப்பு உருவம்: ஒரு ஆள் இருக்கிற மாதிரி, அவருக்கு முன்னால் பந்து மாதிரி ஒரு வட்டம். எயார் பாக் லைட். கார் ஓடுவதில் ஒரு வித்தியாசமும் இல்லை, ஏசி குளிராக வருகிறது, பாட்டுப் பாடுகிறது. லைட் மட்டும் எரிகிறது.

கராஜுக்குப் போனோம். சித்தப்பாவுக்குப் பத்து வருஷப் பழக்கமான மெக்கானிக் அண்ணை. பார்த்த உடனேயே சொன்னார்:

“இது ஒரு பிரச்சினையும் இல்லை. எண்ணாயிரம் தாங்கோ, பின்னேரம் வந்து எடுங்கோ. லைட்டும் எரியாது, ஸ்கேனரிலயும் ஒண்டும் காட்டாது.”

“அண்ணை, இது திருத்துறதோ, அணைக்கிறதோ?” எண்டு கேட்டேன்.

அவர் சிரித்தார். “தங்கச்சி, உங்களுக்குப் பரிசோதனையில பாஸ் பண்ணவேணும். அதுக்கு அணைச்சாப் போதும்.”

“திருத்துறதெண்டா?”

“அதுக்கு முதல்ல கழட்டிப் பாக்கவேணும்.”

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “கழட்டிப் பாருங்கோ” என்றார். அந்த ஒரு வசனத்தால் எங்கள் வீட்டுக்கு என்ன செலவு வரப்போகுது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் விட்டார். எயார் பாக்கில் கை வைக்கும் முன் அதற்குள் தேங்கியிருக்கும் மின் போகவேண்டும், இல்லாவிட்டால் முகத்திலேயே வெடிக்கும் என்று விளக்கினார். பிறகு ஸ்டியரிங்கின் நடு மூடியைக் கழற்றினார். பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார்.

உள்ளே ஒன்றுமே இல்லை. மடித்து வைத்த நைலோன் பையும் இல்லை, அதை ஊத வைக்கிற உலோகக் குடுவையும் இல்லை. வெறும் பிளாஸ்டிக் மூடி. மஞ்சள் வயரின் நுனியில், கறுப்பு டேப் சுற்றி, பென்சில் முனை அளவில் ஒரு தடையி. அதன் ஈயப்பற்று விட்டுப்போயிருந்தது. அதனால்தான் லைட் எரிந்திருக்கிறது. பயணி பக்கத்திலும் அதே கதை. முன் ஆசனப்பட்டிகளின் இழுவைகளும் முன்னமே வெடித்துப் போனவை, அவற்றுக்கும் தடையி.

“இது பெரிய அக்சிடென்ட் பட்ட கார். ஆரோ முந்தியே செய்து வைச்சிருக்கினம்” என்றார் அண்ணை.

சித்தப்பா இந்தக் காரை வாங்கியது 2021-இல். அந்த நேரம் ஞாபகமிருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டிய பிறகு பாவித்த கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. கிடைத்தால் போதும் என்று சனம் ஓடியது. தனியார் கார்கள் திரும்ப வரத் தொடங்கியதே 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் நொறுங்கிய காரும் பொன்விலை போனது. தட்டி, பெயின்ற் அடித்து, பொலிஷ் போட்டு நிற்பாட்டினால் வாங்க ஆள் இருந்தது. எங்கள் சித்தப்பா அப்படி வாங்கிய ஒருவர்.

நாலு வருஷம். ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் எத்தனை தரம் போய் வந்திருப்போம். இராத்திரியில், மாடு படுத்திருக்கிற வீதியில், எதிரே லொறி முழு வெளிச்சத்தோடு வர, சித்தி முன் சீற்றில் நித்திரை கொண்டபடி. அவருக்கு முன்னால் டாஷ்போட்டில் எயார் பாக் என்று எழுதியிருந்தது. அந்த எழுத்து மட்டும்தான் இருந்தது.

ஒரு தடையி எப்படிப் பொய் சொல்கிறது?

இதை நான் விளங்கிக்கொள்ள இரண்டு நாள் எடுத்தது. நான் கலைப்பீடம், பௌதிகவியலை ஓ.எல். விஞ்ஞானத்தோடு கைகழுவியவள். ஆனால் இது அவ்வளவு கஷ்டமில்லை.

காரின் நடுப்பகுதியில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. அது ஒவ்வொரு எயார் பாக்கின் சுற்றுக்குள்ளும் மிகச் சின்ன மின்னோட்டம் ஒன்றை அனுப்பி, “இருக்கிறியா?” என்று கேட்டபடியே இருக்கும். பை சரியாக இணைக்கப்பட்டிருந்தால் இரண்டு, மூன்று ஓம் அளவு தடை தெரியும். வயர் அறுந்தாலோ பை இல்லாவிட்டாலோ தடை மாறும், உடனே லைட் எரியும். மோதலை உணரிகள் கண்டுபிடித்தால் பெட்டி பெரிய மின்னோட்டத்தை அனுப்பும். குடுவைக்குள் இருக்கும் இரசாயனம் பற்றி, வாயு பாய்ந்து, ஏறத்தாழ 30 மில்லிசெக்கனில் பை விரிந்துவிடும். கண் மூடித் திறக்க அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும்.

பையைக் கழற்றிவிட்டு, அதே இரண்டு மூன்று ஓம் அளவில் ஒரு தடையியை அந்த இடத்தில் வைத்தால்? பெட்டி “இருக்கிறியா?” என்று கேட்கும். தடையி “ஓம்” என்னும். அவ்வளவுதான். லைட் அணைந்துவிடும், ஸ்கேனரும் பழுதில்லை என்று காட்டும். ஒருநாள் உண்மையாகவே மோதினால், பெட்டி கட்டளை அனுப்பும், தடையி எரிந்து கருகும், முகம் ஸ்டியரிங்கில் போய் அடிபடும்.

இதைவிட மலிவான முறைகளும் உண்டு. லைட்டின் பல்ப்பையே கழற்றிவிடுவது ஒன்று. எயார் பாக் லைட்டை வேறொரு லைட்டின் வயரோடு சேர்த்துக் கட்டிவிடுவது இன்னொன்று. அது எரியும்போது இதுவும் எரியும், அணையும்போது இதுவும் அணையும்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். லைட் எரிந்தாலே களவு என்று இல்லை. ஸ்டியரிங்குக்குள் சுருளாக இருக்கும் கேபிள் தேய்ந்தாலும் எரியும். அப்படியென்றால் அனேகமாக ஹோர்னும் ஸ்டியரிங் பொத்தான்களும் சேர்ந்து சண்டித்தனம் பண்ணும். சீற்றுக்குக் கீழே இருக்கும் மஞ்சள் இணைப்பு, கார் கழுவும்போது இழுபட்டாலும் எரியும். பற்றரி பலவீனமானாலும் எரியலாம். இவற்றில் சில சின்னச் செலவோடு முடிகிற பழுதுகள். ஆனால் லைட் எரிகிற நேரம், பல கார்களில் முழு எயார் பாக் அமைப்பும் வேலைசெய்யாமல் நிற்கலாம். எனவே “ஓடுதுதானே” என்று விடக்கூடாது. எது பழுதென்று பார்த்துத் திருத்தவேண்டும். திருத்தினால் லைட் தானாக அணையும், இல்லாவிட்டால் ஸ்கேனரால் அந்தப் பழுதுக் குறியை அழிக்கலாம். அந்த ஒழுங்கு தலைகீழாகப் போகிற இடத்தில்தான் எங்கள் பிரச்சினை.

இரண்டு விலைகள்

லைட்டை அணைக்க எண்ணாயிரம். இரண்டு பையும், இரண்டு ஆசனப்பட்டிகளும், கட்டுப்பாட்டுப் பெட்டியும் மாற்றி ஒழுங்காய்ச் செய்ய, எங்களுக்குக் கிடைத்த கணக்கு நாலு இலட்சத்து எண்பதாயிரம்.

அன்றிரவு வீட்டில் நடந்தது வாக்குவாதம் என்று சொல்லமுடியாது. ஒவ்வொருத்தரும் தங்களோடு தாங்களே கதைத்தார்கள்.

“எனக்கு வித்தவன் சொன்னவனே? நான் மட்டும் ஏன் சொல்லவேணும்?” இது சித்தப்பா. அவர் கேட்டதில் பிழை இருப்பதாக எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை. ஏமாற்றப்பட்டவர் அவர். அந்த நட்டத்தை அவர் மட்டும் ஏன் சுமக்கவேண்டும்?

அம்மம்மா வழக்கம்போல, “கடவுள் இவ்வளவு நாளும் காப்பாத்தினவர்” என்றார்.

சித்தி மட்டும் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “நாலு வருஷம் அந்த வெறும் மூடிக்கு முன்னால இருந்தது நான்” என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் எண்ணாயிரம் கதையை எடுக்கவில்லை.

நான்? நான் லப்டொப்பை யோசித்தேன். பொய் சொல்லி என்ன.

அடுத்த நாள் சித்தப்பா அந்த வாங்குகிறவருக்கு கோல் எடுத்து உள்ளதை உள்ளபடி சொன்னார். பதில் நாங்கள் எதிர்பார்த்தது இல்லை. அவர் கோபப்படவே இல்லை. “அப்ப ஆறு இலட்சம் குறையுங்கோ அண்ணை, நான் அப்படியே எடுக்கிறன். லைட்டை நான் அணைப்பிப்பன்” என்றாராம்.

போனை வைத்துவிட்டு சித்தப்பா சொன்னார்: “அவன் தான் ஓடுறதுக்கு வாங்கேல்லை. இன்னொருத்தனுக்குக் குடுக்கத்தான்.”

அவர் விற்கவில்லை. சித்தியின் காப்பு அடகுக்குப் போனது. சாமான் ஜப்பானிலிருந்து வர ஏழு கிழமை. அதுவரை கடனுக்கு வட்டி ஓடியது. வேலையைச் செய்தது அதே மெக்கானிக் அண்ணைதான், மிக நேர்த்தியாகச் செய்தார். எண்ணாயிரத்துக்கு அணைக்கிறேன் என்றவரும் அவர்தான், மூடியைத் திருப்பி உண்மையைக் காட்டியவரும் அவர்தான். கேட்கிறவர்கள் எதைக் கேட்கிறார்களோ அதை அவர் செய்கிறார். பத்தில் ஒன்பது பேர் எதைக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பிறகு கார் விற்றது. பழுது திருத்திய பில், பழைய தடையிகளைக்கூட ஒரு கவரில் போட்டுக் காட்டினோம். வாங்கியவர், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வந்த ஒரு ஆசிரியர், நன்றாகப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். ஆனால் விலையில் ஒரு சதமும் கூடவில்லை. “அக்சிடென்ட் பட்ட கார்” என்று தெரிந்ததால் கொஞ்சம் குறைந்தது என்பதுதான் உண்மை. என்னிடம் இப்போதும் பழைய லப்டொப்தான். இந்தக் கட்டுரையை எழுதும்போது இரண்டு தரம் நின்றது.

நேர்மைக்குச் சந்தையில் விலை இல்லை

இந்தக் கதையை “சித்தப்பா நல்ல மனுசன்” என்று முடித்திருக்கலாம். அது போதாது என்பதுதான் என் கருத்து. எங்கள் வீட்டுக்கு அந்த நேர்மை ஐந்து இலட்சத்துக்குக் கிட்ட முடிந்தது. அடகு வைக்கக் காப்பு இல்லாத வீட்டில், நாளைக்கே காசு கட்டவேண்டிய வீட்டில், அதே நல்ல மனுசன் எண்ணாயிரத்தைக் கொடுத்திருப்பார். நான் அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். நேர்மையாக இருப்பவர் நட்டப்பட்டும் மறைப்பவர் இலாபமடைந்தும் வருகிற ஒரு சந்தையில், தனி மனிதரின் மனச்சாட்சியை மட்டும் நம்பி வீதியில் இறங்கமுடியாது. அங்கேதான் சட்டம் வரவேண்டும்.

எங்கள் நாட்டில் ஒரு தனியார் காருக்கு ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க என்ன கேட்பார்கள்? காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ். பஸ், லொறி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஆனால் ஒரு சாதாரண குடும்பக் காரிடம் 2008-இலிருந்து நாங்கள் கேட்பது, “என்ன புகை விடுகிறாய்?” என்பதைத்தான். “பிரேக் பிடிக்குமா, பட்டி இழுக்குமா, எயார் பாக் இருக்கிறதா?” என்று வருடத்துக்கு ஒருமுறைகூடக் கேட்பதில்லை. எங்கள் கதையில் அந்தக் கேள்வியைக் கேட்டது அரசாங்கம் இல்லை, ஒரு தரகர். அதுவும் விலை குறைக்க.

இந்தக் கார்கள் வருகிற ஜப்பானில் அப்படியில்லை. அங்கே ‘ஷாகென்’ என்று ஒரு கட்டாயப் பரிசோதனை உண்டு. புதுக் காருக்கு மூன்றாம் வருஷம், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. எயார் பாக் எச்சரிக்கை லைட் எரிந்துகொண்டிருந்தால் அந்தக் கார் அங்கே சித்தியடையாது. பிரித்தானியாவின் வருடாந்தப் பரிசோதனையிலும் அதே நிலைமைதான். அங்கே சித்தியடையாத பழுதோடு ஒரு கார் இங்கே சந்தோஷமாக ஓடலாம்.

தகாட்டா விவகாரத்தை எடுத்துப் பாருங்கள். 1933-இல் நெசவுத் தொழிலோடு தொடங்கிய ஜப்பானிய நிறுவனம் அது. பிறகு ஆசனப்பட்டி, அதன் பிறகு எயார் பாக் என்று உலகத்தின் பெரிய கார்க் கம்பனிகள் பலவற்றுக்குச் செய்துகொடுத்தது. அதன் குடுவைகளில் அமோனியம் நைத்திரேற்றைப் பாவித்தார்கள். அது வெப்பத்திலும் ஈரப்பதனிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் பழுதாகி, அளவுக்கு மீறிய வேகத்தில் வெடித்து, குடுவையின் உலோகத்தையே துண்டு துண்டாக முகத்தில் எறியும். உயிர் காக்க வைத்தது உயிரை எடுத்தது. உலகம் முழுதும் சுமார் 10 கோடி குடுவைகளைத் திரும்பப்பெற வேண்டிவந்தது. கார் வரலாற்றில் இதைவிடப் பெரிய திரும்பப்பெறல் இல்லை. 2017-இல் கம்பனி வங்குரோத்தானது. 2018 மே மாதத்திலிருந்து, ஆபத்துக் கூடிய தகாட்டா பைகளை மாற்றாத கார்களுக்கு ஜப்பான் ஷாகென் கொடுப்பதை நிறுத்தியது.

வெப்பம், ஈரப்பதன் என்றேன். மலேசியாவில் இந்தப் பைகளால் ஆட்கள் செத்திருக்கிறார்கள். எங்கள் காலநிலை மலேசியாவுக்கு எவ்வளவு கிட்ட என்று நான் சொல்லவேண்டியதில்லை. எங்கள் வீதிகளில் ஓடுகிற ரீகண்டிஷன் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் பிறந்தவை. அவற்றின் செசி இலக்கத்தைப் போட்டால் திரும்பப்பெறல் இருக்கிறதா என்று பார்க்க உற்பத்தியாளர்களின் ஜப்பானிய இணையத்தளங்களில் வசதி உண்டு. ஆனால் எங்கள் ஊரில் கார் வாங்குகிற எத்தனை பேருக்கு அது தெரியும்? எனக்கு இந்தக் கூத்து நடக்கும்வரை தெரியாது.

“பஸ்ஸில போறவனுக்கு என்ன எயார் பாக்?”

இந்தக் கதையை பல்கலைக்கழகத்தில் சொன்னபோது நண்பன் ஒருவன் கேட்ட கேள்வி இது. நல்ல கேள்வி. இந்த நாட்டில் வருஷத்துக்கு 2,000-க்கும் மேற்பட்டவர்கள் வீதி விபத்துகளில் சாகிறார்கள். அவர்களில் கூடுதலானவர்கள் மோட்டார்சைக்கிளில் போனவர்களும் நடந்து போனவர்களும். கார் வைத்திருப்பவர்களே சிறுபான்மை. அப்படியிருக்க எயார் பாக் பற்றிக் கவலைப்படுவது வசதியானவர்களின் கவலை இல்லையா?

நான் பாதி ஒத்துக்கொள்கிறேன். 2025 மே மாதம் கொத்மலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருஷம் செப்டெம்பரில் எல்லவில் இன்னொரு பஸ், 15 பேர். ஒவ்வொரு முறையும் ஒரு கிழமை கதைத்தோம், பிறகு மறந்தோம். எனக்குக் கிடைக்கிற ஒரே ஒரு சீர்திருத்தத்தைத் தெரிவுசெய் என்றால் நானும் முதலில் பஸ்ஸைத்தான் சொல்வேன்.

ஆனால் நோய் ஒன்றுதான். பரிசோதனை நாளுக்கு மட்டும் நல்ல ரயரை வாடகைக்கு மாட்டிக்கொண்டு போகிற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தீயணைப்புச் சிலிண்டரை ஒரு வாகனத்திலிருந்து கழற்றி மற்றதில் வைத்துக் காட்டுகிற கதையையும். இதையெல்லாம் சொல்லும்போது நாங்கள் சிரிக்கிறோம், “கெட்டிக்காரன்” என்கிறோம். பாதுகாப்பு என்பதே பரிசோதிக்கிறவருக்குக் காட்டுகிற ஒரு பொருள் என்று பழகிவிட்டோம். ஆசனப்பட்டியையும் அப்படித்தான்: 2011-இல் முன் சீற்றுக்குக் கட்டாயமாக்கினார்கள், பொலிஸைக் கண்டவுடன் மட்டும் இழுத்து மடியில் பிடிக்கிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். நாங்களும் திறமில்லை. நாலு வருஷப் பாஸ்ட் பேப்பரைப் பாடமாக்கி எழுதிச் சித்தியடைகிறோம். பாடம் தெரியுமா என்று எங்களிடமே கேட்பதில்லை.

இன்னொரு எதிர்ப்பும் வரும்: “இன்னொரு பரிசோதனை எண்டா இன்னொரு லஞ்சம்.” இதைத் தட்டிக்கழிக்க முடியாது. வெறுமனே “லைட் எரியக்கூடாது” என்று ஒரு சட்டம் போட்டால், லைட் அணைக்கிற தொழில்தான் வளரும். எண்ணாயிரம் பன்னிரண்டாயிரமாகும், அவ்வளவுதான். எங்கள் காரே அதற்குச் சாட்சி: ஈயப்பற்று விடாமல் இருந்திருந்தால் எந்த ஸ்கேனரிலும் சித்தியடைந்திருக்கும்.

அதனால் லைட்டைப் பார்ப்பதோடு வேறு சிலவும் சேர்ந்து வரவேண்டும் என்று நினைக்கிறேன். எயார் பாக்குக்குப் பதில் தடையி வைப்பதை, வெறும் மூடி வைப்பதைத் தனிக் குற்றமாக்கவேண்டும். செய்தவருக்கும், தெரிந்தே விற்றவருக்கும். எந்தக் கார் எப்போது எவ்வளவு நொறுங்கியது, எயார் பாக் வெடித்ததா என்ற விபரம் காப்புறுதிக் கம்பனிகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. இழப்பீடு கொடுத்தவர்கள் அவர்கள்தான். அந்த விபரத்தை வாகன இலக்கத்தைக் கொடுத்து எவரும் பார்க்கக்கூடிய மாதிரி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு சேர்த்தால், பாதிக் களவு அங்கேயே நிற்கும். திரும்பப்பெறல் அறிவித்தல்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு இடத்தில் இருக்கவேண்டும். கடைசியாக, எயார் பாக், ஆசனப்பட்டி போன்ற பாதுகாப்புச் சாமான்களின் இறக்குமதி வரியைக் குறைக்கவேண்டும். எண்ணாயிரத்துக்கும் ஐந்து இலட்சத்துக்கும் இடையிலுள்ள தூரம் குறையாமல், சனத்தைத் திருந்து என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை.

2025-இன் தொடக்கத்தில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பூட்டிய அலங்கார லைட்டுகளைக் கழற்றிக்கொண்டு திரிந்தது ஞாபகமிருக்கும். தேவையில்லாமல் எரிகிற லைட்டுகளைப் பிடிக்க ஆள் இருக்கிறது. எரியவேண்டிய நேரத்தில் எரியாத லைட்டைப் பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும்.

ஒரு தகப்பனின் கை

எயார் பாக்கின் கதையைத் தேடும்போது ஒரு விசயம் வாசித்தேன். ஜோன் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர், பென்சில்வேனியாக்காரர். 1952-இல் மனைவியோடும் மகளோடும் காரில் போகும்போது, தடை ஒன்றைக் கண்டு சடுதியாகத் திருப்ப வேண்டிவந்தது. கார் பள்ளத்துக்குள் இறங்கியது. அந்த நேரம் அவரும் மனைவியும் யோசிக்காமலே கையை நீட்டி, நடுவில் இருந்த மகளைத் தடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, அந்தக் கையின் வேலையைச் செய்ய ஒரு பொருள் ஏன் இருக்கக்கூடாது என்று யோசித்தார். அடுத்த வருஷம் காப்புரிமை கிடைத்தது. கார்க் கம்பனிகள் திரும்பிப் பார்க்கவில்லை. எயார் பாக் பரவலாகும்போது அவருடைய காப்புரிமை காலாவதியாகிவிட்டது. அவருக்கு அதில் காசு கிடைக்கவில்லை. அமெரிக்காவில் மட்டும் 2017 வரை 50,000-க்கும் மேற்பட்ட உயிர்களை முன்பக்க எயார் பாக்குகள் காப்பாற்றியதாக அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

சடுதியாக பிரேக் அடிக்கும்போது சித்தப்பாவும் அப்படித்தான், இடது கையை சித்திக்கு முன்னால் நீட்டுவார். நான் பின் சீற்றிலிருந்து பலமுறை கண்டிருக்கிறேன். நாலு வருஷமாக அந்தக் காரில் உண்மையில் இருந்த ஒரே முன் எயார் பாக் அந்தக் கைதான்.

இதை வாசிக்கிற உங்களில் பலரிடம் கார் இருக்காது. என்னிடமும் இல்லை. ஆனால் அப்பாவின், அண்ணாவின், மாமாவின் காரில் ஏறுவீர்கள், ஹயர் பிடிப்பீர்கள், இன்னும் சில வருஷத்தில் வாங்குவீர்கள். அடுத்த முறை ஏறும்போது இதை மட்டும் செய்யுங்கள். திறப்பை ஒன்-இல் போடும்போது அந்தச் சின்ன ஆளைப் பாருங்கள். எரிந்து, சில செக்கனில் தானாக அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் ஆரோ அதைக் கொன்றிருக்கிறார்கள். வேறொரு லைட்டோடு ஒட்டிக்கொண்டே அணைந்தால் சந்தேகப்படுங்கள். அணையாமல் எரிந்தால் கேளுங்கள். வாங்கப்போகிற காரென்றால் ஸ்கேன் ரிப்போட்டோடு நிற்காமல், தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகக் கை வைக்கவேண்டாம். ஜப்பான் ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் தரம் ஆர் என்று இருந்தால் அது விபத்துப் பட்டுத் திருத்திய கார். எல்லாவற்றுக்கும் முதல், பட்டியைக் கட்டுங்கள். எயார் பாக் பட்டிக்கு உதவியாளர் மட்டும். பட்டி இல்லாமல் அதுவே ஆபத்து. எயார் பாக் உள்ள முன் சீற்றில் குழந்தையை மடியில் வைக்கவே வேண்டாம்.

விற்கிற பக்கத்தில் நிற்க வந்தால், அப்போது என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. காப்பு இருக்கிறதா, கடன் எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது. ஆனால் மெக்கானிக் அண்ணை விலை சொல்லும்போது, அந்த ஒரு கேள்வியையாவது கேளுங்கள்: “அண்ணை, இது திருத்துறதோ, அணைக்கிறதோ?” பதிலைக் கேட்ட பிறகு தெரியாத மாதிரி இருப்பது கொஞ்சம் கஷ்டம்.